பட்டியலில் சிக்காத ஆள்

வாரியத் தலைவர் கார்மேகம் தும்மினால் அலுவலகமே எழுந்து நிற்கும். ஒருநாள் அவர் கணினிப் பிரிவு செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

“அறுபது வயசு தாண்டினவங்களை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். தாண்டினவங்க, தாண்டாதவங்க, ரெண்டு பட்டியலும் எடு!”

எடுத்தாள். தாண்டியவர்கள் நாற்பது பேர், தாண்டாதவர்கள் நூற்றைம்பத்தொன்பது பேர். ஆனால் வாரியத்தில் இருப்பதோ இருநூறு பேர்.

“ஒரு ஆளை எங்கே தொலைச்சே? சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா உனக்கு வேலை கிடையாது!” என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

செண்பகவல்லி உடனே போய், பிறந்த தேதி காலியாக உள்ளவர் யார் என்று கணினியில் தேடினாள். ஒரே ஒரு பெயர் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஆள் கிடைச்சாச்சு சார். பிறந்த தேதியே கொடுக்காம விட்டிருக்கார். அறுபதைத் தாண்டினவரான்னு கேட்டா, கணினி ‘தெரியாது’ங்குது. தாண்டாதவரான்னு கேட்டாலும் ‘தெரியாது’ங்குது. அவர் வயசு அவர் வயசுக்கே சமமான்னு கேட்டேன். அதுக்கும் ‘தெரியாது’தான்!”

“எவன் அந்த மடையன்? இப்பவே தேதியைப் போட்டு ஏதாவது ஒரு பட்டியல்ல சேர்த்துடு!”

“சரிங்க சார். நீங்க என்னைக்குப் பிறந்தீங்க?”

கார்மேகம் மேசையில் இருந்த கோப்பைப் புரட்டத் தொடங்கினார். முதல் பட்டியலில் இருந்த வாசல் டபேதார் எசக்கியாதான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“ஐயாவுக்கு அறுபத்திரண்டும்மா. பள்ளிக்கூடத்துல நாங்க ஒரே பெஞ்சு.”

அன்று மாலை நாற்பத்தொரு பேருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.