தாழம்புதர் மூலைக்கு அனுப்பப்பட்டவர்கள்

மலையடிவாரத்துக் குளம் ஒன்று கோடையில் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. அங்கே தவளை வாத்தியார் ஒருவர் தலைப்பிரட்டைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். கால் முளைத்துக் கரைக்கல்லில் ஏறிவிட்டால் தேர்ச்சி. பிறகு காட்டு ஓடைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். கால் முளைக்காதவர்களை, "தனியா இருந்து கவனமாப் படிங்க" என்று தாழம்புதர் மூலைக்கு அனுப்பிவிடுவார். நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

இந்த முறை அந்த மூலையில் மொட்டு என்ற தலைப்பிரட்டையும் அதன் கூட்டாளிகளும் கிடந்தன. பாடம் ஒப்பிப்பதில் மொட்டு கெட்டி. கால் மட்டும் வரவில்லை.

குளத்தின் நடுவே ஒரு கொக்கு நின்றது. தண்ணீர் இறங்க இறங்க அது மூலைப் பக்கம் நகர்ந்தது. அதற்கு அவசரமே இல்லை.

"வாத்தியாரே, கொக்கு நெருங்கிடுச்சு. இந்தப் பிள்ளைங்க கதி?" என்று கேட்டது சேற்று நண்டு.

"எல்லாருக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக்குடுத்தேன். மண்டையில ஏறலைன்னா நான் என்ன செய்ய?" என்றார் வாத்தியார் எரிச்சலாக.

"பாடமெல்லாம் தெரியுது, வாத்தியாரே. குளிர்தான் தாங்கலை. பசிக்குது" என்று அழுதது மொட்டு.

வாத்தியார் முதல்முறையாக அந்த மூலைக்குள் இறங்கினார். தண்ணீர் சில்லென்று இருந்தது. புதர் வெயிலை அடியோடு மறைத்திருந்தது. தின்னப் பாசியும் இல்லை. வெயிலும் தீனியும் இல்லாமல் கால் எப்படி முளைக்கும்?

"இங்க பாசி முளைக்காதே. எனக்குத் தெரியும்" என்றது அருகில் இருந்த ஆமை.

"ஏன் சொல்லலை?"

"பள்ளிக்கூடம் உங்க வேலைன்னு இருந்துட்டேன்."

"இதுங்க நடுங்குறதை நானும் பார்த்தேன். விளையாடுதுங்கன்னு நினைச்சேன்" என்றது நண்டு.

ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் வாய் திறக்கவில்லை. கேட்கும் நமக்கே கோபம் வருகிறது.

பிள்ளைகளை இடம் மாற்ற வழியில்லை. நடுவில் கொக்கு. உடனே மூவரும் கூடிப் பேசினார்கள். நண்டு தாழை ஓலைகளைக் கத்தரித்தது. வெயில் விழுந்தது. ஆமை பாசி படிந்த கற்களை உருட்டிவந்தது. ஓடைக்குப் போன குட்டித் தவளைகளை வாத்தியார் திரும்ப அழைத்துக் கரையில் காவல் வைத்தார். கொக்கு காலெடுத்தாலே அவை கத்தின; பிள்ளைகள் தாழை வேருக்கடியில் ஒளிந்துகொண்டன.

மெல்ல மெல்லக் கால்கள் முளைத்தன. அதற்குள் மூலையில் சேறுதான் மிஞ்சியிருந்தது. கொக்கும் வந்துவிட்டது.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினார் வாத்தியார்.

ஒவ்வொன்றாகக் கரைக்கல்லில் தாவின. ஒன்றைக் கொக்கு கொத்திக்கொண்டு போயிற்று. விழுங்கிவிட்டு மறுபடி வந்தது. மொட்டு மட்டும் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தது. அலகு பாய்ந்தது. ஆமை குறுக்கே புகுந்தது. அலகு ஓட்டில் மோதியது. அந்த நொடியில் மொட்டு தாவிக் கல்லைப் பிடித்தது.

"ஏறிட்டேன், வாத்தியாரே!"

வாத்தியார் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். போன கோடையிலும் அதற்கு முந்தைய கோடையிலும் அதே மூலைக்குத் தான் அனுப்பிய பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர்கூடக் கரை ஏறியதில்லை. மக்குகள் என்றே இதுவரை நம்பியிருந்தார். கல்லோரமாக உட்கார்ந்து அழுதார்.

பிள்ளைகள் பின்தங்கினால் அவர்களைக் குறை சொல்லாமல், சுற்றியிருப்பவர்கள் அனைவரும் தாம் அறிந்ததைக் கலந்து பேசி, அவர்கள் வளரும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும்.