ஈர்ப்பாயி கை திருப்பிய கதை

விண்மீன்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், வானத்து மந்தைகளையெல்லாம் மேய்த்துவந்தவள் ஈர்ப்பாயி. கோடிக்கோடி விண்மீன்கள் சேர்ந்தால் ஒரு மந்தை. ஆதியில் எல்லாம் வெடித்துச் சிதறியதிலிருந்து அவை நாலு திசையிலும் ஓடிக்கொண்டே இருந்தன. ஈர்ப்பாயிக்குக் கோலும் கிடையாது, நாயும் கிடையாது. கை நீட்டி இழுப்பாள். ஓட்டம் மெல்ல மெல்லக் குறையும். என்றைக்காவது அத்தனையையும் ஒரே பட்டியில் அடைத்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பெற்றவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

எல்லாவற்றுக்கும் கடைசியில், வெகு தொலைவில் ஓடிய மந்தையை அவள் மகள் சேயாள் ஓட்டிப் போயிருந்தாள். ஒருநாள் அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"ஆத்தா, இழுக்காத! எங்க ஓட்டம் நின்னு பின்னால சறுக்குது. மந்தை மேல மந்தை விழுது. குட்டி மீனுங்க நசுங்கி அணையுது."

"வீட்டுக்குத்தானே தாயி கூப்பிடுறேன்?"

"எல்லாரும் வந்து சேர்ந்தா அங்க வீடு இருக்காது ஆத்தா. சாம்பல்தான் இருக்கும்."

"சரி, பிடியைத் தளர்த்துறேன்."

"தளர்த்தினாப் பத்தாது. தள்ளி விடு."

"தள்ளி விட்டா உன் முகத்தை நான் மறுபடி பாப்பேனா?"

"தள்ளி விடு ஆத்தா" என்றாள் மகள் மறுபடியும்.

ஈர்ப்பாயி அழுதாள். மகளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று அவள் கைக்குத் தெரியாது. ஒருத்திக்குச் செய்தால், அந்தத் தூரத்தில் இருக்கிற எல்லோருக்கும் செய்தாக வேண்டும். தெரிந்தேதான் செய்தாள். பக்கத்தில் இருப்பவர்களை இறுக்கிப் பிடித்த அதே கையைத் தொலைவில் திருப்பி, மகளின் முதுகில் வைத்துத் தள்ளினாள். சேயாளின் மந்தை எழுந்து ஓடியது. தூரம் கூடக் கூட வேகமும் கூடியது.

பக்கத்து மந்தைகளில் ஒரே கூச்சல். "இருட்டுக்குள்ள எவனோ கள்ளன் ஒளிஞ்சிருக்கான்! அவன்தான் நம்ம சனத்தைத் தள்ளிக்கிட்டுப் போறான்!" என்று வெள்ளையன் என்னும் மூத்த மீன் ஆள் திரட்டினான். வெட்டவெளியெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒருவனும் அகப்படவில்லை.

"கள்ளனும் இல்ல, ஒருத்தனும் இல்ல. அது என் கைதான்" என்றாள் ஈர்ப்பாயி.

"பெத்தவ பிள்ளையைத் தள்ளுவாளா? போ ஆத்தா!" என்று சிரித்துவிட்டு, வெள்ளையன் மறுபடி இருட்டைத் துழாவப் போனான். அவளும் மேற்கொண்டு வாதாடவில்லை.

அன்று தொட்டுத்தான், அருகில் இருக்கும் மந்தைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்க, தூரத்து மந்தைகள் வேகம் கூடிக் கூடி விலகிப் போகின்றன. அவற்றின் வெளிச்சம் மட்டும், அழுத கண்ணாய்ச் சிவந்து, பெற்றவளைத் தேடி வருகிறது.