கூகையன் பின்னிய கடைசிப் பொம்மை

முன்னொரு காலத்தில், நம் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் இன்னும் யாருக்கும் வைக்கப்படாத காலத்தில், ஈச்சங்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊர்ச் சந்தையில் காத்தாயி என்ற பெண் கடை போட்டிருந்தாள். கடையில் சாமான் ஒன்றும் கிடையாது. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அவளுடைய வாய். அவ்வளவுதான் கடை.

கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்து, கைக்குள் அடங்கும் ஆடு, மாடு, முயல் பின்னி, வயிற்றில் பஞ்சு அடைப்பார்களே, காத்தாயி அந்தப் பொம்மைகளை விற்கவில்லை. அவற்றைப் பின்னும் வழியைப் பாட்டாகக் கட்டி விற்றாள். ஒரு பாட்டுக்கு ஒரு படி கம்பு. எந்தப் பாட்டும் இப்படித்தான் தொடங்கும், இப்படித்தான் முடியும்:

வளையம் போடு, ஆறு கண்ணி எடு;
ஆறை இரட்டி, சுற்றி எடு...
கண்ணை வை, பஞ்சை வை,
கடைசிக் கண்ணியை இழுத்து மூடு.

அவளிடம் மூன்று வழக்கம் உண்டு. உயிரோடு எதிரே நிற்பதைப் பார்த்துத்தான் பாட்டுக் கட்டுவாள். தங்கை மருதி ஒருமுறை பின்னிப் பார்த்து, "சரியாக வருகிறது அக்கா" என்று சொன்ன பிறகுதான் விற்பாள். வாங்கியவர் பொம்மையை யாரிடம் காட்டினாலும், "இது காத்தாயி வழி" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குக் காசா பணமா? ஆனாலும் அந்த ஒரு வார்த்தை சிலருக்கு நாக்கில் வராது.

அப்படி ஒருவன் வந்தான். பெயர் கூகையன். முதுகில் கூன், பானை வயிறு, ஒரு கால் குட்டை. அவன் கையில் வைத்திருந்த கொக்கி எலும்பால் ஆனது. என்ன எலும்பு என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் ஆட்டுக்குட்டிப் பாட்டு வாங்கினான். பக்கத்துக் கடை செட்டியாரின் குட்டி, ஒரு கொம்பு வளைந்தது, அதைப் பார்த்துக் கட்டிய பாட்டு. மறுநாள் செட்டியாரின் குட்டியைக் காணோம்.

அடுத்துக் கன்றுக்குட்டிப் பாட்டு வாங்கினான். மறுநாள் கன்றைக் காணோம். தாய்ப்பசு கத்திய கத்தலில் தெருவில் யாரும் சோறு உண்ணவில்லை.

மூன்றாவதாக யானைப் பாட்டு வாங்கினான். அது ராஜாவின் பட்டத்து யானையைப் பார்த்துக் கட்டியது. மறுநாள் யானைக் கொட்டிலில் சங்கிலி மட்டும் கிடந்தது.

கூகையன் நேராக அரண்மனைக்குப் போனான். குட்டி யானைப் பொம்மை ஒன்றை ராஜாவின் மடியில் வைத்தான்.

"யார் வழியப்பா இது? அச்சு அசல் என் யானை!" என்றார் ராஜா.

"என்னுடையது, மகாராஜா. என் புத்தியில் உதித்தது."

ராஜா அவனுக்குப் பொற்சங்கிலி போட்டார். பிறகு காணாமல் போன யானையை நினைத்து, அந்தப் பொம்மையையே மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். பொம்மையின் பாசிமணிக் கண்களும் நனைந்திருந்தன. தன் கண்ணீர்தான் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைத்துவிட்டார்.

அன்று மருதி வீடு திரும்பவில்லை. ஆட்டுக்குட்டி கத்தும் சத்தம் கூகையன் வீட்டுக் கூடைக்குள்ளிருந்து கேட்கிறது என்று தேடிப் போனவள் அவள். காத்தாயி ஓடினாள். மருதியைத் தூணோடு நூலால் கட்டியிருந்தான் கூகையன். பக்கத்தில் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. கூடையில் ஆடும் கன்றும் பொம்மைகளாக, கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தன.

"அக்கா, இவன் தனக்குள் முனகியதைக் கேட்டேன். கடைசிக் கண்ணியை மூடும்போது, 'என்னுடையது' என்று மூன்று தரம் சொல்கிறான். அப்போது நிஜ உயிர் பொம்மைக்குள் போய்விடுகிறது!" என்று கத்தினாள் மருதி.

கூகையன் சிரித்தான். "கெட்டிக்காரி. காத்தாயி, உன் தங்கைக்குப் பாட்டுக் கட்டு. ராணிக்கு ஒரு பெண் பொம்மை வேண்டுமாம். கட்டினால் உன் தங்கை பொம்மையாகவாவது இருப்பாள். கட்டாவிட்டால் அடுப்பு இருக்கிறது."

காத்தாயி தங்கையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு கூகையனைப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை.

"சொல்கிறேன். துண்டு துண்டாகப் பின்னு. கடைசியில் சேர்த்துத் தைக்கலாம்" என்றாள்.

வளையம் போடு, ஆறு கண்ணி எடு;
ஆறை இரட்டி, சுற்றி எடு...

எலும்புக் கொக்கி நூலைக் கொத்திக் கொத்தி இழுத்தது. சொன்னதைப் பின்னத் தெரியுமே தவிர, சொன்னதிலிருந்து உருவத்தைக் காண அவனுக்குத் தெரியாது. அடுத்தவர் வழியிலேயே பிழைத்தவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் மருதிக்குத் தெரியும். எத்தனை பாட்டுகளைப் பின்னிப் பார்த்த கை! கட்டுண்டு கிடந்தபடியே மனசுக்குள் பின்னினாள்.

"எனக்கு இவ்வளவு பெரிய வயிறா, அக்கா?" என்றாள்.

கூகையனின் கை நின்றது. காத்தாயியின் நெஞ்சும் நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள் மருதி. புரிந்துகொண்டாள்.

"காலையில் ஐந்து தோசை தின்றேன். அதை நீ சொல்லிக் காட்டணுமா?" என்று முனகினாள்.

கூகையன் தொடர்ந்து பின்னினான். முதல் கால் முடிந்தது. அடுத்த கால் முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தான்.

"ஒன்று குட்டையாக இருக்கிறதே?"

"சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தேன். கட்டை அவிழ்த்துவிடு, நொண்டிக் காட்டுகிறேன்" என்றாள் மருதி.

"முதுகில் இதென்ன மேடு?"

"தண்ணீர்க் குடம்!" என்றாள் காத்தாயி. "பெண் பொம்மை என்றால் குடம் வேண்டாமா?"

மருதி பின்னிப் பாராமல் காத்தாயி சொன்ன முதல் பாட்டு இது. ஒரு கண்ணி தவறினால் யார் உள்ளே போவார்களோ? தங்கையா? தானா? சேர்த்துத் தைத்துவிட்டு அவன் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால்? அவள் நிறுத்தாமல் பாடினாள்.

கண்ணை வை, பஞ்சை வை,
கடைசிக் கண்ணியை இழுத்து மூடு.

ராணி போடப்போகும் சங்கிலியை நினைத்துக்கொண்டே கூகையன் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, கடைசிக் கண்ணியை இழுத்தான்.

"என்னுடையது!" என்றான். அடுப்பு அணைந்தது.

"என்னுடையது!" என்றான். மருதியைக் கட்டியிருந்த நூல் தளர்ந்தது. அப்போதுதான் பொம்மையைத் திருப்பி முகத்தைப் பார்த்தான். நிறுத்தப் பார்த்தான். ஆனால் அந்த வார்த்தை அவன் வாய்க்குப் பழகிப்போன வார்த்தை. தானாகவே வந்துவிட்டது.

"என்னு...டைய...து."

பொற்சங்கிலி கலகலவென்று தரையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு கூன் முதுகுப் பொம்மை கிடந்தது. கண்கள் உருண்டன. வெளியே தொங்கிய நூல்முனையை மருதி, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கோ செருகினாள்.

கத்தரிக்கோல் வைத்தால் உயிரும் அறுந்துவிடும். ஆனால் கடைசி நூல்முனையை எங்கே ஒளிப்பது என்பதும் காத்தாயி பாட்டிலேயே உண்டு. ஆட்டுக்குத் தாடைக்கடியில். இழுத்தாள், கண்ணி கண்ணியாகப் பிரிந்து குட்டி துள்ளியது. கன்றுக்கு வாலடியில். இழுத்தாள், கன்று தாயைத் தேடி ஓடியது. யானைக்குக் காதுக்குப் பின்னால். அரண்மனைக்குப் போய் இழுத்தாள். ராஜாவின் மடியிலேயே யானை வளர்ந்தது. சிம்மாசனம் நொறுங்கியது. ராஜா கீழே கிடந்தபடியே யானையின் காலைக் கட்டிக்கொண்டார்.

சங்கிலியைக் காத்தாயிக்கும் மருதிக்கும் இரண்டாக வெட்டிக் கொடுத்தார் ராஜா. "யார் வழி என்று விசாரிக்காமல் போட்டுவிட்டேன், தாயே" என்றார். பிறகு, "அந்தக் கூகையனையும் பிரித்துவிடு. நான் தீர்ப்புச் சொல்கிறேன்" என்றார்.

"அவன் நூல்முனையை ஒளித்தது மருதிதான், மகாராஜா. எங்கே என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை."

ராஜா மருதியைப் பார்த்தார்.

"மறந்துபோச்சு, மகாராஜா" என்றாள் மருதி.

அதன் பிறகு காத்தாயி கடையில் ஒரு சாமான் இருந்தது. பாட்டு வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கற்பார்கள். போகும்போது, கேட்காமலே, "இது காத்தாயி வழி" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லாமல் போகிறவர்களை மட்டும், அந்தப் பாசிமணிக் கண்கள் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆடு மேய்ந்தது, கன்று குடித்தது, யானை குளித்தது. கூகையன் இன்னும் பிரியவில்லை.