ஒன்பதாம் கட்டத்தில் நாற்பத்தொன்று

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் பேராசிரியை அமலோற்பவம். மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான்.

"மேடம், என்னை எப்ப படிப்புல சேர்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"பார்க்கிறதை எழுதிப் பழகுங்க அண்ணே," என்று அவர் என் சட்டைப் பையில் ஒரு பென்சிலைச் செருகினார். அவ்வளவுதான் பதில்.

அடுத்த வருடமும் கேட்டேன்.

பென்சிலை எடுத்துப் பார்த்தார். "இன்னும் நீளமாவே இருக்கே அண்ணே," என்றார்.

மூன்றாம் வருடம் நான் கேட்கவில்லை. கோபம்.

கழிமுகத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. சுற்றுச்சூழல் படிக்கிற பிள்ளைகள் அங்கே வருவார்கள். அவர்களை அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறவன் நான். என் பெயர் வைரக்கண்ணு. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

அமலோற்பவமும் ஒரு காலத்தில் அப்படி வந்த பிள்ளைதான். அலையாத்தி எது, சுரபுன்னை எது என்று காட்டிக் கொடுத்தவன் நான். தில்லை மரத்தில் கை வைக்கப் போனார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். கையைத் தட்டிவிட்டவன் நான்.

அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். பேராசிரியை ஆனார். நிலையத்துக்கே தலைவி ஆனார்.

நான் போட்காரனாகவே இருந்தேன்.

பட்டம் வாங்கிய அன்று இனிப்புக் கொண்டுவந்து என்னிடம் சொன்னார். "ஒருநாள் உங்களையும் இங்க படிக்க வைப்பேன் அண்ணே. பிள்ளைங்க முன்னாடி நீங்க வாத்தியாரா நிப்பீங்க."

இனிப்பைத் தின்றேன். சொல்லை வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அவரே கூப்பிட்டார்.

"புதுசா ஒரு வருஷப் படிப்பு தொடங்குறோம். உள்ளூர்க்காரருக்கு ஒரு இடம் இருக்கு. பட்டம் கேக்க மாட்டோம். முடிச்சா களப் பயிற்றுநர் வேலை. ஆனா அறுபது வயசுக்குள்ள இருக்கணும்."

எனக்கு ஐம்பத்தொன்பது. அடுத்த வருடம் என்பது எனக்குக் கிடையாது.

"அப்ப பேரை எழுதிக்குங்க," என்றேன்.

"தேர்வு இருக்கு அண்ணே."

"எனக்கா?"

"எல்லாருக்கும்."

எனக்குத் தேர்வு. அவருக்குச் சேற்றில் நடக்கக் கற்றுக்கொடுத்த எனக்கு.

தேர்வு இதுதான். சேற்றில் நாலு கம்பு நட்டு, அளந்து வைத்த இடத்துக்குக் கட்டம் என்று பெயர். கட்டத்துக்குள் போக வேண்டும். உயிரோடு எத்தனை மரம், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று தாளில் எழுத வேண்டும். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர். தனித்தனியாக எழுத வேண்டும்.

"ரெண்டு தாளும் ஒத்துப் போனா ரெண்டு பேருக்கும் இடம்," என்றார் மேடம். "ஒத்துப் போகலன்னா, ஒண்ணு பொய். பொய் எழுதினவங்க வெளிய."

எனக்கு விழுந்தது ஒன்பதாம் கட்டம்.

மனதுக்குள் சிரித்தேன். ஒன்பதாம் கட்டமே நான் உண்டாக்கியது. பதினான்கு வருடத்துக்கு முன் அது உப்புப் பூத்த பொட்டல். நண்டுகூடத் தங்காது. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே கொண்டுவந்தவன் நான். அறுபது கன்று வைத்தேன். நாற்பத்தொன்று நின்றது. நிலையத்தின் விளம்பரப் புத்தகத்தில் அட்டைப் படமே அந்தக் கட்டம்தான். படத்துக்குக் கீழே நிலையத்தின் பெயர் இருக்கிறது. என் பெயரைத் தேடினால் கிடைக்காது.

என்னோடு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு மாதேஸ்வரி என்று பெயர். தர்மபுரிப் பக்கம். படகில் ஏறும்போதே இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஊர்ல கடல் உண்டா?" என்றேன்.

"கடலைதான் உண்டுங்க ஐயா."

நான் சிரிக்கவில்லை.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?"

"இதுல சேர்ந்தா ஈரநில முதுகலையில நேரா இடம் கிடைக்கும். உதவித்தொகை உண்டு. ஆறு மாசம் வெளிநாட்டுல பயிற்சி. எங்க வீட்டுல ஒரு வருஷம்தான் டைம் குடுத்திருக்காங்க. கிடைக்கலன்னா கல்யாணம்."

"இதெல்லாம் யார் சொன்னா?"

"நிலையத்தோட விளம்பரப் புத்தகத்துல போட்டிருந்துச்சு. அட்டையில இருந்த மரத்தைப் பார்த்துட்டுத்தான் விண்ணப்பம் போட்டேன்."

"அது என் மரம்."

அவள் விளிம்பை விட்டுவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். படகு ஆடியது. மறுபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்தாறு வருடத்தில் அந்த நிலையத்திலிருந்து என்னைக் கும்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

ஓடை வாயில் படகை நிறுத்தினேன். அதற்கு மேல் படகு போகாது. முழங்கால் சேற்றில், புதருக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

"எறங்கு."

"நீங்க வரலைங்களா?"

"கன்னு வச்சவன் போய்ப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? பெத்தவன் தினமும் புள்ளையோட விரலை எண்ணிக்கிட்டு இருப்பானா? போ. தேர்வு இது. வந்ததும் கணக்கைப் பத்தி என்கிட்ட மூச்சு விடக்கூடாது."

இறங்கினாள். இடுப்பு வரை ஒருமுறை அமிழ்ந்தாள். எழுந்து போனாள்.

நான் படகில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்தேன். உயிருள்ளவை என்ற இடத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினேன். உயரத்துக்குப் போன வருடக் கணக்கோடு ஆளுக்கு ஒரு சாண் கூட்டினேன். மரம் என்ன, எழுந்தா போய்விடும்?

ஒரு பீடி பற்றவைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயா, ஒன்பதாம் கட்டம் இதுதானுங்களா?"

"இதுதான்."

"நாலு கம்பு இருக்கே, சிவப்பு பெயின்ட் அடிச்சு. அதுதானே?"

"அதுதான். பெயின்ட்டும் நான் அடிச்சதுதான்."

அவள் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மூச்சு விடாதேன்னேன்," என்றேன்.

திரும்பும் வழியில் சேறு அவள் மேல் காய்ந்து வெடித்தது.

மேடம் இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்தார்.

அவர் முகம் மாறியது. குனிந்து மறுபடி பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

என் தாளில் நாற்பத்தொன்று.

அவள் தாளில் பூஜ்யம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.

"பூஜ்யமா? ஏம்மா, எண்ணுறதுக்குத் தர்மபுரிக்கே போயிட்டியா?"

"கட்டத்துக்குள்ளதான் நின்னேன் மேடம்," என்றாள். "நாலு கம்பையும் தொட்டுப் பார்த்தேன்."

"தொட்டா! அங்க நிழல்ல நின்னா ஆளே தெரியாது. அப்படி அடர்ந்து கிடக்கு. மேடம், ஒண்ணு பொய்னா வெளியன்னு நீங்கதானே சொன்னீங்க? பஸ் ஏத்தி விடுங்க."

மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தப் பெண்ணின் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மாதேஸ்வரியின் கண்ணில் நீர் நிறைந்தது. ஆனால் அவள் நகரவில்லை.

"மேடம், வந்து பாருங்க," என்றாள்.

அந்த அறையில் யாரும் அமலோற்பவத்திடம் அப்படிச் சொன்னதில்லை. நானே சொன்னதில்லை.

மேடம் வட்டத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். செருப்பைக் கழற்றினார்.

"படகை எடுங்க அண்ணே."

"நீர் வத்துது மேடம்."

"எடுங்க."

"முட்டி வலி எனக்கு. உள்ள வர முடியாது."

"நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் அவர், மறு பக்கம் அந்தப் பெண். என்னை நடக்கப் பழகும் குழந்தை மாதிரி சேற்றில் கூட்டிப் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்த அவமானம் அவளுக்குப் போகப் போகிறது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

பாதி வழியில் காலுக்கடியில் சேறு நின்றுவிட்டது. தரை கெட்டியாக இருந்தது. அங்கே தரை கெட்டியாக இருக்கக்கூடாது.

கடைசிப் புதரை விலக்கினேன்.

வெளிச்சம் அடித்தது.

அங்கே வெளிச்சமும் இருக்கக்கூடாது.

நாலு கம்பும் நின்றன. சிவப்பு வெளிறியிருந்தது. நடுவே என் மரங்கள் நின்றன. வெள்ளையாக நின்றன. ஒரு இலை இல்லை. கீழே உப்பு அப்பளம் மாதிரி பூத்துக் கிடந்தது. மிதித்தால் நொறுங்கியது.

நான் எண்ணத் தொடங்கினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு உரக்க எண்ணினேன்.

"முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்னு. பார்த்தீங்களா மேடம்? நாற்பத்தொன்னு! ஒண்ணுகூடக் குறையல!"



கடைசி மரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை நான். கொஞ்சம் சாய்ந்தேன். அது படக்கென்று ஒடிந்து என்னோடு விழுந்தது.

விழுந்த இடத்திலிருந்தே கத்தினேன். "எவன்டா செஞ்சான்? எவன்டா மருந்து ஊத்தினான்?"

மாதேஸ்வரி என்னைத் தூக்க வந்தாள். தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, நீர் வர்ற வழி எது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் வாய்க்கால் இல்லை. சமதரை இருந்தது. மழைக்கு முன்னால் வருடா வருடம் மண்வெட்டி போட்டு வண்டல் எடுக்க வேண்டிய வாய்க்கால். நான் வெட்டியது. தூர்ந்து, மேடாகி, அதன் மேல் உப்புப் பூத்திருந்தது.

ஓடை நீர் இருபதடிக்கு அந்தப் பக்கம் வந்து வந்து போயிருக்கிறது. இவை நாற்பத்தொன்றும் இங்கே நின்று தவித்திருக்கின்றன.

"அண்ணே," என்றார் மேடம். "கடைசியா எப்ப உள்ள வந்தீங்க?"

யோசித்தேன். "முட்டி வலி வந்த வருஷம்."

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

"இருக்கும்."

"ஆறு வருஷமா ஒவ்வொரு தை மாசமும் கேட்டேன். நாற்பத்தொன்னுன்னு சொன்னீங்க. உயரம் சொன்னீங்க."

"சொன்னேன். வச்சவனுக்குத் தெரியாதா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு வருடமும் அதை அச்சில் போட்டவர் அவர். கூட்டங்களில் எழுந்து நின்று சொன்னவர் அவர். மாநிலம் முழுவதும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை அனுப்பியவர் அவர். அப்படி வந்த பிள்ளை ஒன்று அவர் காலடியில் உப்பில் உட்கார்ந்திருந்தது.

மேடம் அந்தப் பெண்ணின் தாளை எடுத்தார். முழங்காலில் வைத்து, வட்டத்துக்குள் இருந்த பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவளிடம் கொடுத்தார்.

என் தாளை மடித்தார். என்னிடம் கொடுத்தார்.

நான் வாங்கவில்லை.

எழுந்தேன். யாரும் பிடிக்காமலே எழுந்தேன்.

"நீங்க ஏன் வரல?" என்றேன். "படிச்சவங்கதானே? டாக்டர்தானே? என் முட்டி போச்சு. உங்க முட்டிக்கு என்ன? ஆறு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருந்தா நாலு கூடை மண்ணு எடுத்திருப்போம். இதெல்லாம் பொழைச்சிருக்கும். ஏன் வரல? சொல்லுங்க. இந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். நான் எப்படித் திகைத்து நின்றேனோ அதே திகைப்பு அவர் முகத்திலும் இருந்தது. கேள்வியே புரியாதவர் மாதிரி விழித்தார்.

"நீங்க சொன்னீங்களே அண்ணே," என்றார்.

இது ஒரு பதிலா?

எனக்கு இடம் தரவில்லை. பதிலும் தரவில்லை. இந்த இரண்டையும் அமலோற்பவம் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறார்.