மணல்குழியும் முடியாத நாற்பது கதைகளும்

மலையடிக் காட்டின் ஓரத்தில் ஒரு முள்ளம்பன்றி கோல்ஃப் விளையாடிவந்தது. அதனுடன் ஒரு நரியும் ஒரு மயிலும் ஒரு முயலும் விளையாடின.

அந்தப் புல்வெளியைப் போட்டவர்கள் மனிதர்கள். காப்பித் தோட்டத்தை மூடிவிட்டுப் போனபோது பந்துகளைப் புதரிலேயே விட்டுப்போனார்கள். விலங்குகள் மூங்கில் வேரில் மட்டை செய்துகொண்டன. ஒன்பது இடங்களில் சிறு பள்ளம் தோண்டி, பக்கத்தில் மயிலிறகு செருகிய குச்சியை நட்டு, அதற்குக் கொடி என்று பெயர் வைத்தன. பந்தை அடித்து அடித்து ஒவ்வொரு பள்ளத்திலும் விழவைக்க வேண்டும். ஒரு பந்தைத் தொலைவில் அடித்துவிட்டு, பிறகு அதையே தேடிக்கொண்டு நடப்பதில் என்ன இன்பம் என்று கேட்கலாம். மனிதர்களும் இதற்குச் சரியான பதில் சொன்னதில்லை.

விடிந்ததும் ஆட்டம் தொடங்கும். கூடவே நரியின் கதையும் தொடங்கும். முதல் கொடியில் ஆரம்பிக்கும் கதையை, ஒன்பதாவது கொடிக்கு அப்பாலிருக்கும் அத்திமரத்தடியில் முடிப்பது நரியின் வழக்கம். அங்கே எல்லாம் உட்கார்ந்து பழம் தின்னும். முடிவைக் கேட்டுச் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பை முள்ளம்பன்றி தூரத்திலிருந்துதான் கேட்டிருக்கிறது. அதற்குக் காரணம் ஏழாவது கொடி.

ஏழாவது கொடிக்கு முன்னால் அகலமான ஒரு மணல்குழி இருந்தது. முள்ளம்பன்றி உள்ளே நின்றால் வானம் மட்டும்தான் தெரியும். மற்றவர்களின் பந்து பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். முள்ளம்பன்றியின் பந்து ஒருநாளும் தாண்டியதில்லை. நரி ஒரு விதியும் செய்துவைத்திருந்தது.

"மணல்ல விழுந்தா மூணு அடி. அதுக்குள்ள வெளியே வராட்டி யாரும் நிக்க மாட்டோம். வெயில் ஏறிடும் பாரு."

விதி செய்பவர்கள் மணலில் விழுவது அபூர்வம் என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

மூன்று அடிகள் நடக்கும்வரை குழியின் விளிம்பிலிருந்து யோசனைகள் மட்டும் வரும். அதுவும் பத்தடி தள்ளி நின்றுதான் சொல்வார்கள். முள்ளம்பன்றிக்கு மனம் கலங்கினால் முள்ளெல்லாம் விறைத்துக்கொள்ளும்.

"ஓங்கி அடி, முள்ளு," என்று நரி சொல்லும்.

"ஓங்காதே, நளினமா அடி," என்று மயில் சொல்லும்.

"பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க அண்ணே," என்று முயல் சொல்லும்.

முள்ளம்பன்றி மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கும். பந்து குழியின் சுவரில் மோதி, அதன் காலடிக்கே திரும்பி வரும். நான்காவது அடிக்கு மட்டையை ஓங்கும்போது விளிம்பில் யாரும் இருக்க மாட்டார்கள். கதை பாதியில் இருக்கும். நரியின் குரல் சிறுத்துக்கொண்டே போகும்.

அந்தப் பருவத்தில் நாற்பது நாள் ஆட்டம் நடந்திருந்தது. ஆகவே முள்ளம்பன்றிக்கு நாற்பது கதைகளின் தொடக்கம் தெரியும். ஒன்றின் முடிவும் தெரியாது. கிணற்றில் விழுந்த ஒட்டகம் அதைப் பொறுத்தவரை இன்னும் கிணற்றில்தான் கிடந்தது. கல்யாணத்துக்குப் புறப்பட்ட வௌவால் இன்னும் போய்ச் சேரவில்லை. பகலெல்லாம் வளைக்குள் தனியே படுத்துக்கொண்டு அது ஒட்டகத்துக்காகக் கவலைப்படும்.

நாற்பதாம் நாளும் அப்படியே ஆயிற்று. மற்றவை போய்விட்டன. முள்ளம்பன்றி மட்டையை ஊன்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தது.

"இதோட ஏழு தடவை," என்றது காலடியில் ஒரு குரல். "ஏழு தடவை என் வீட்டை இடிச்சிருக்கே."

பேசியது ஒரு குழியானை. பெயரில்தான் யானை, உருவத்தில் மிளகு. மணலில் புனல்போலக் குழி பறித்து, அடியில் பதுங்கி, சறுக்கி விழும் எறும்பைத் தின்னும் பூச்சி. அதற்கு முன்னோக்கி நடக்க வராது, பின்னோக்கி மட்டுமே நடக்கும். அப்படி வாழ்கிறவர்கள் கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் இருப்பார்கள்.

"மன்னிச்சுக்கோ. இங்கே ஆள் இருக்குன்னு தெரியாது," என்றது முள்ளம்பன்றி.

"தெரிஞ்சிருந்தா?"

"பேசிக்கிட்டாவது இருந்திருப்பேன். நீ இங்கே தனியாவா இருக்கே?"

"விருந்தாளிக்குக் குறைச்சல் இல்லை. வந்தவங்க திரும்பிப் போறதில்லை, அவ்வளவுதான்."

முள்ளம்பன்றி சங்கடத்துடன் காலை நகர்த்தியது. ஒரு பொடிக்கல் உருண்டு குழியானையின் வீட்டுக்குள் விழுந்தது. கல் அந்தப் பூச்சியைவிடப் பெரியது. குழியானை அலுத்துக்கொண்டு, கல்லுக்கு அடியிலிருந்த மணலில் தலையை நுழைத்து ஓர் எத்து எத்தியது. மணல் எழும்பியது. கல்லும் கூடவே எழும்பி வெளியே போய் விழுந்தது.

"கல்லை நீ தொடவே இல்லையே," என்றது முள்ளம்பன்றி.

"அதை எதுக்குத் தொடணும்? அது மணல் மேலதானே உட்கார்ந்திருக்கு. மணல் போனா அதுவும் போகும்."

முள்ளம்பன்றி தன் பந்தைப் பார்த்தது. நாற்பது நாளாக அதை மட்டுமே பார்த்து, அதை மட்டுமே அடித்திருந்தது. இப்போது முதன்முறையாகப் பந்துக்கு இரண்டு விரல் பின்னால் இருந்த மணலைப் பார்த்தது. மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும்படி கொஞ்சம் மலர்த்திப் பிடித்து, அந்த மணலில் அடித்தது. மணலில் பட்டதும் கை தயங்கி நின்றுவிட்டது. பந்து ஒரு சாண் நகர்ந்தது.

"பாதியில நிறுத்தினா மண்ணு நம்ம தலையிலதான் விழும்," என்றது குழியானை. அது அனுபவத்தில் சொன்னது.

இரண்டாம் முறை முள்ளம்பன்றி நிறுத்தவில்லை. மட்டை மணலுக்குள் புகுந்து, பந்துக்கு அடியில் வழுக்கி, தோளுக்கு மேல் போய் நின்றது. ஒரு பிடி மணல் எழுந்தது. அதன் நடுவே பந்தும் அவசரமில்லாமல் எழுந்து, விளிம்பைத் தாண்டிப் புல்லில் பொத்தென்று விழுந்தது.

முள்ளம்பன்றி சட்டென்று மேலே பார்த்தது. விளிம்பில் யாருமில்லை. அத்திமரத்தடியில் எல்லாம் சிரிப்பது கேட்டது.

"நீயாவது பார்த்தியா?"

"என் வீட்டுக்கு மேலே நடக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது," என்றது குழியானை.

வெயில் சுடும்வரை முள்ளம்பன்றி அடித்துப் பழகியது. பிறகு தன் முட்களாலேயே மணலைச் சீவிச் சமன் செய்தது. குழியிலிருந்து போகிறவர் மணலைச் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஆட்டத்தின் மரியாதை. எப்போதும் கடைசியாகப் போகிறவர் ஒருவரே என்பதால் அந்த மரியாதையும் ஒருவருடையதாகவே இருந்தது. குழியானையின் வீட்டை மட்டும் அது சுற்றிக்கொண்டு சீவியது.

மறுநாள் நரி புதுக்கதை ஆரம்பித்தது. ஓர் ஆமை தன் ஓட்டை ஓர் அணிலுக்கு இரவல் கொடுத்ததாம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டதாம். ஆமையின் ஓடு கழற்றக் கூடியதன்று என்பது முள்ளம்பன்றிக்குத் தெரியும். இருந்தாலும் நனையும் ஆமையை நினைத்து அதன் மனம் பதைத்தது.

ஏழாவது கொடியில் முள்ளம்பன்றியின் பந்து வழக்கம்போல மணலில் விழுந்தது. அன்று காற்று பலமாக இருந்ததால் முயலின் பந்தும் விழுந்தது.

முள்ளம்பன்றி இறங்கியது. இரண்டு விரல் பின்னால் பார்த்தது. ஒரே அடி. பந்து மேலே போய்க் கொடியருகே உருண்டு நின்றது.

"காத்து," என்றது மயில்.

"காத்தோ என்னவோ, வந்துட்டான்ல," என்றது நரி. "ஏறி வா முள்ளு. இன்னைக்கு முடிவு கேட்டுட்டுப் போ."

நாற்பது நாளாக ஏங்கிய அழைப்பு. முள்ளம்பன்றி பாய்ந்து ஏறி, பந்தைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தது. அதற்குள் முயல் மூன்று முறை அடித்திருந்தது. மூன்று முறையும் பந்து சுவரில் மோதித் திரும்பியிருந்தது.

"மூணு ஆச்சு. நடங்க," என்றது நரி. "அந்த ஆமை என்ன செஞ்சது தெரியுமா..."

நரியும் மயிலும் நடந்தன. முள்ளம்பன்றியும் நாலு அடி நடந்தது. பிறகு திரும்பிப் பார்த்தது. குழிக்கு மேல் இரண்டு காதுகளின் நுனி மட்டும் தெரிந்தது. அவை நரியின் குரல் போகும் திசையில் திரும்பியிருந்தன.

முள்ளம்பன்றி திரும்பி வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

"நீங்க போங்கண்ணே. கதை முடிஞ்சிடும்," என்றது முயல்.

"முடியட்டும்."

"எப்படி அடிக்கணும்?"

"பந்துக்குப் பின்னால இருக்கிற மணலை அடி. பாதியில நிறுத்தாதே." அதற்குமேல் முள்ளம்பன்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் கைக்கு வருவதற்கும் நடுவே எவ்வளவு மணல் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

முயல் பதினோராவது அடியில் வெளியே வந்தது. அதற்குள் அத்திமரத்தடியில் சிரிப்பு அடங்கி, நரியும் மயிலும் கலைந்து போயிருந்தன.

"எனக்காக முடிவை விட்டுட்டீங்களே அண்ணே."

"எனக்கு அது பழக்கம்தான்."

முயல் மூச்சு வாங்கிக்கொண்டு மணலைத் தட்டிவிட்டது. "நேத்து வரைக்கும் எல்லா முடிவும் எனக்குத் தெரியும். ஆரம்பம்தான் தெரியாது. நான் முதல் கொடியிலேயே முன்னால ஓடிடறேனா, ஒண்ணும் காதுல விழாது."

முள்ளம்பன்றி நிமிர்ந்தது. "கிணத்துல விழுந்த ஒட்டகம் என்ன ஆச்சு?"

"அது ஒட்டகமா? நான் இத்தனை நாள் குதிரைன்னு நினைச்சேன். மழையில கிணறு நிறைஞ்சு, நீந்தி வெளியே வந்துடுச்சு."

முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. முயல் அதைக் கவனித்துவிட்டு, பத்தடி தூரத்திலிருந்து நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்று தொடக்கம் சொல்ல, மற்றது முடிவு சொல்ல, நாற்பது கதைகளும் முழுதாயின. சிலவற்றில் தொடக்கமும் முடிவும் ஒட்டவில்லை. அதை நரியின் குற்றம் என்று விட்டுவிட்டன.

ஆமையின் கதை மட்டும் மிஞ்சியது. அதன் முடிவு இரண்டுக்கும் தெரியாது.

"ஆமை நனைஞ்சிருக்கும் பாவம்," என்றது முயல்.

"நனைஞ்சுதான் இருக்கும். ஆனா அணில் ஓட்டை விட்டு வெளியே வந்து, அதுவும் கூடவே நனைஞ்சிருக்கும்," என்றது முள்ளம்பன்றி.

மணலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அப்புறம்?"

குழியில் விழுந்தவருக்கு விளிம்பிலிருந்து நூறு யோசனை சொல்வதைவிட, அவர் ஏறி வரும்வரை அங்கே உட்கார்ந்திருப்பதே உண்மையான நட்பு.