முன்குலவை

ஒரு காலத்தில் இரு காதுகளுக்கு நடுவே ஓர் ஊர் இருந்தது. தலையூர் என்பர், மண்டையூர் என்று சொல்வோரும் உண்டு. எப்பெயரால் சொன்னாலும், அது தவசிமுத்து என்னும் லைன்மேனின் தலைக்குள் இருந்த ஊர்தான்.

அவ்வூரில் குலவை என்றொருத்தி வாழ்ந்தாள். நல்லது ஒன்று நடந்தால், நாவைச் சுழற்றிக் குலவையிட்டு ஊருக்கு அறிவிப்பது அவள் பொறுப்பு. வீட்டுச் சன்னல்களெல்லாம் அவள் குரலுக்காகவே திறந்து கிடந்தன. தன் தொழிலில் ஒரு முறையை அவள் பிசகாமல் காத்துவந்தாள். பானை பொங்கிய பிறகுதான் குலவை. அடுப்புப் பற்றவைக்கும்போது இல்லை.

அவள் குலவையிட்டு முடித்ததும் நினைவு என்பவன் சுண்ணாம்புக் கலயத்துடன் புறப்படுவான். நல்லது எந்த வழியாக வந்ததோ அந்த வழி நெடுகக் கோடு இழுப்பான். இடத்தான், வலத்தான் என்னும் கால்கள் இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தே நடப்பார்கள்.

“நாங்க ரெண்டு பேரும் படிக்காதவங்க. கோடு போற பக்கம் போவோம்” என்பான் வலத்தான்.

“அதுலயும் இவன் என்னைவிட ஒரு அடி முந்திப் போவான்” என்பான் இடத்தான்.

புயல் ஓய்ந்த நாள்களில் அந்த ஊர் விழாக்கோலம் பூணும். தவசிமுத்து நனைந்த கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியை இணைத்துவிட்டு இறங்குவார். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வரும். “ஏய், கரண்டு வந்தாச்சு!” என்று குழந்தைகள் கத்தும் கூச்சல் காதுவழியே தலையூருக்குள் நுழையும். அப்போது குலவை எழுப்பும் ஒலியில் சன்னல்கள் ஒவ்வொன்றும் சிலிர்க்கும். நினைவு அந்தக் கம்பத்தடிவரை கோடு போட்டுவைப்பான். அடுத்த புயலுக்குக் கால்கள் தாமாகவே கிளம்பும்.

ஒரு புயலின்போது மூன்று நாள் ஓயாத வேலை. கூட வேலை பார்த்த சேர்மக்கனி ஒரு தம்ளரை நீட்டினார்.

“அண்ணே, உடம்பு விறைச்சுக் கிடக்கு உங்களுக்கு. ஒரு மடக்கு போடுங்க. வலி பறந்துரும்.”

தவசிமுத்து குடித்தார். தொண்டைச் சாலை வழியாகத் தலையூருக்கு ஒரு விருந்தாளி வந்தான். சாராயம் என்று பெயர். நெற்றி வீட்டில் குடியிருந்த நிதானம் என்னும் காவல்காரரின் தோளை முதலில் தட்டிக்கொடுத்து உறங்கவைத்தான். பிறகு குலவையின் வாசலில் வந்து நின்றான்.

“என்னக்கா, சும்மா உட்கார்ந்திருக்கே? குலவை போடு.”

“எதுக்குப் போடணும்? என்ன நடந்துச்சு?”

“நான் வந்தது நடக்கலையா?”

“வந்தா வா. குடிக்கத் தண்ணி தாரேன். இதுக்கெல்லாம் குலவை கிடையாது.”

அவன் சிரித்துக்கொண்டே அவள் தொண்டையைப் பிடித்து அழுத்தினான். அவளுக்கே தெரியாத ஒரு குரல் வெளியே வந்தது. அத்தனை பெரிய குலவையை அந்த ஊர் கேட்டதில்லை. வீடுகள் ஆடின. என்ன நன்மையோ, ஏது நன்மையோ என்று நினைவு கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கம்பத்தடியில் ஒன்றுமில்லை. வீட்டு வாசலிலும் ஒன்றுமில்லை. தேடித் தேடி, முடிவில் சேர்மக்கனியின் தம்ளருக்குச் சரக்கு வந்த சாராயக் கடைச் சந்துவரை ஒரு கோடு இழுத்தான். குலவை பெரிதாக இருந்ததால் கோட்டையும் பட்டையாகவே போட்டான்.

கால்கள் அந்த வழியே போகத் தொடங்கின. விருந்தாளி அன்றாடம் வந்தான். அன்றாடம் அவள் தொண்டையை நெரித்தான். அந்த ஒலியைத் தாங்காத வீட்டுக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சன்னலுக்கு மண் குழைத்துப் பூசினார்கள்.

“ஏன் மூடுறீங்க? என் குரலைக் கேக்கத்தானே சன்னலே வச்சீங்க?” என்று குலவை கெஞ்சினாள்.

“உன்மேல கோபம் இல்ல தாயி. காது கிழியுது” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “அவன் வராம இருந்தா மண்ணு காஞ்சு தானா உதிரும். அவன்தான் தினமும் வந்து ஈரமாக்கிட்டுப் போறானே!”

சன்னல்கள் அடைபட அடைபட, விருந்தாளி இன்னும் இறுக்கி நெரித்தான். வலி பொறுக்காத குலவை ஒரு யோசனை செய்தாள். அவன் வந்து பிடிப்பதற்குள் நாமே போட்டுவிட்டால் தொண்டையாவது தப்புமே என்று நினைத்தாள். கால்கள் சந்தின் முனையில் திரும்பிய உடனே, ஒரு சொட்டுகூட உள்ளே வராத நிலையில், அவன் பழக்கிய பெருங்குரலில் அவளே குலவையிட்டாள்.

ஆயுளில் அவள் இட்ட முதல் முன்குலவை அது. கால்கள் அதைக் கேட்டு ஓட்டம் பிடித்தன. விருந்தாளி அன்று தொண்டையைத் தொடவில்லை.

“பழகிட்டியே அக்கா!” என்று மட்டும் சொன்னான்.

அன்றுமுதல் சந்து முனையில் குலவை ஒலித்தது. குடித்தபின் ஊரில் ஓர் ஒலியும் இல்லை. குடியில் இன்பம் ஒன்றும் எஞ்சவில்லை. ஓட்டம் மட்டும் எஞ்சியது. கம்பங்களுக்குப் போட்ட கோடுகள் மங்கின. தெருவில் வெளிச்சம் வந்து குழந்தைகள் கத்தினாலும் தவசிமுத்து தலை நிமிரவில்லை.

அந்த ஆண்டு அவருடைய மகள் செண்பகத்துக்குக் குழந்தை பிறந்தது. குலவை பல மாதங்களாகக் காத்திருந்தது அதற்காகத்தான். இந்த ஒரு நன்மைக்காவது தன் சொந்தக் குரலில், முறைப்படி, நடந்த பிறகு குலவையிட வேண்டும் என்று தொண்டையைக் காத்துவந்தாள்.

பிற்பகல் வேளையில் செண்பகம் குழந்தையைத் தந்தையின் கைகளில் வைத்தாள்.

“அப்பா, கழுத்தைப் பார்த்துப் பிடிங்க. மூக்கைப் பாருங்களேன், அப்படியே உங்க மூக்கு.”

குலவை எழுந்து நின்று குலவையிட்டாள். அவளுடைய பழைய குரல்தான், மெல்லியது, கலப்பில்லாதது. தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு சன்னலின் முன்னும் நின்று குலவையிட்டாள். மண்ணைக் கையால் தட்டினாள்.

“பேரன் வந்திருக்கான்! ஒரு சன்னலாவது திறங்க!”

ஈர மண் அவள் குரலை உறிஞ்சிக்கொண்டது. எந்த வீட்டுக்கும் கேட்கவில்லை.

தவசிமுத்து குழந்தையைப் பார்த்தார். மகிழ வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

“ம்… என் மூக்குதான்” என்றார். பிறகு குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். “கொஞ்சம் பிடிம்மா. இதோ வந்துர்றேன்.”

“இப்பதானப்பா கையில வாங்குனீங்க?”

கால்கள் கோட்டில் இறங்கிவிட்டன. “நில்” என்று நிதானம் சொல்லிப் பார்த்தார். தூக்கத்தில் உளறுவதுபோல இருந்தது. சந்தின் முனை நெருங்கியது. தன் தொண்டையில் என்ன எழுகிறது என்பது குலவைக்குத் தெரிந்தது. இரு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

பேரன் வந்தபோது எந்த வீட்டுக்கும் கேட்காத குலவை, விரல்களைப் பிளந்துகொண்டு ஊரே அதிரும்படி ஒலித்தது.