பச்சைப் பொத்தான்

காவி உடை, ஆற்றங்கரை, ஆலமரத்தடி எதுவும் இந்தக் கதையில் கிடையாது. கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் செல்போன் செயலிகள் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்று இருந்தது. இந்தக் கதைக்கு அதுதான் ஆசிரமம்.

குருவின் பெயர் பிலோமினா. வயது முப்பத்து நான்கு. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் டீச்சர். சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. நூற்பாலைகளுக்கு மெஷின் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவர், அந்தத் தொழில் படுத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் பஸ்ஸைக் கோட்டை விட வேண்டியதுதான். டீச்சர் முன்னால் மட்டும் வாய் அடங்கிவிடும்.

மரியாதை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது சந்தேகம்.

டீச்சருக்குத் தன்னைப் பிடிக்காது என்று நாச்சிமுத்து நம்பினார். போன வருடம் காய்கறி மண்டிக்கு ஒரு செயலி செய்தார்கள். மண்டி மண்டியாக அலைந்து, வியாபாரிகளிடம் திட்டு வாங்கி, வேலையை முடித்துக் கொடுத்தவர் நாச்சிமுத்து. தொடக்க விழாவில் மேடையேறிப் பேசியது அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த நிதின். அப்படி ஏற்பாடு செய்தவர் டீச்சர். இதை நாச்சிமுத்து தன் மனைவியிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், மைத்துனனுக்குப் போன் போட்டுச் சொன்னார். டீச்சரிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் அறிக்கையோடு டீச்சரின் அறைக்குள் நுழைந்தபோது முகம் சிரித்தது. மனசு மட்டும் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தது.

"சொல்லம்மா வெற்றிங்க டீச்சர்" என்றார்.

'சொல்லம்மா' என்பது செயலியின் பெயர். ஒரு நூற்பாலையின் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்காக ஆலை நிர்வாகம் செய்யச் சொன்னது. வாரம் ஒரு முறை அது கேட்கும்: 'குறை ஏதும் உண்டா?' சிவப்புப் பொத்தானை அழுத்தினால் குறையை எழுதலாம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் குறை இல்லை என்று அர்த்தம். எழுதியவர் பெயர் யாருக்கும் போகாது.

திட்டம் போட்ட அன்றைக்கே நாச்சிமுத்து வெற்றிக்கு இரண்டு அளவுகோல் வைத்தார். விடுதியில் உள்ள எல்லோரும் பயன்படுத்த வேண்டும். புகார் குறைய வேண்டும்.

"புகார் குறைஞ்சா, அது எதனால குறைஞ்சுதுன்னு எப்படிண்ணா தெரிஞ்சுக்குவீங்க?" என்று டீச்சர் அன்றைக்கே கேட்டார். முட்டுக்கட்டை போடுகிறார் என்று நாச்சிமுத்துவும் அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டார்.

இப்போது டீச்சர் அறிக்கையைப் புரட்டினார். பச்சைக் கோடு ஒன்று ஏறி உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. சிவப்புக் கோடு இறங்கித் தரையோடு படுத்துக்கொண்டது. இவ்வளவு ஒழுங்கான கோடுகளைப் பார்த்தால் சிலருக்கு மகிழ்ச்சி வரும். டீச்சருக்கு நெற்றி சுருங்கியது.

"எல்லாருமே பயன்படுத்தறாங்களா?"

"ஒருத்தர் பாக்கி இல்லீங்க."

"ஆரம்பத்துல கொஞ்சம் பேருதானே எழுதிட்டிருந்தாங்க?"

"ஆமாங்க. வேலை நாள்ல அவங்க போன் வார்டனம்மாகிட்டத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கைக்கு வந்தா, புள்ளைங்க ஊட்டுக்குப் பேசறதா, நம்ம ஆப்பைத் திறக்கறதா? அதனால நானே போய் வார்டனம்மாகிட்டப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணினேன்."

"என்ன ஏற்பாடு?"

நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

"டிவி ஹால்ல எல்லாரையும் வரிசையா உட்கார வெச்சு, வார்டனம்மாவே போனைக் குடுத்து, பக்கத்துலயே நின்னு எப்படி அமுத்தறதுன்னு சொல்லித் தர்றாங்க. அதுக்கப்புறம்தான் ஊட்டுக்குப் பேசவே விடுவாங்க. அந்த வாரத்துல இருந்து ஒருத்தரும் விட்டுப் போறதில்லீங்க."

டீச்சர் அறிக்கையின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். நாச்சிமுத்துவின் சந்தேகம் ஒரு படி ஏறியது.

"முதல் மாசம் வந்த புகார்ல ஒண்ணு ஞாபகம் இருக்கு" என்றார் டீச்சர். "குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னு."

"ஆமாங்க. ஒண்ணு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க."

"போட்டாச்சா?"

"போட்டிருப்பாங்க டீச்சர். அதுக்கப்புறம் புகாரே வரலையே."

"அமுதவல்லி அக்கா என்ன சொல்றாங்க?"

நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டியது. அமுதவல்லி ஒரு பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர். மாதம் ஒரு முறை அந்த விடுதிக்குப் போய், பின்புறம் துணி துவைக்கிற கல்லருகே உட்கார்ந்துகொள்வார். பெண்கள் துவைத்துக்கொண்டே பேசுவார்கள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு நிர்வாகத்திடம் போய்ச் சண்டை பிடிப்பார். நிர்வாகத்துக்கு அவர் வருவது பிடிக்கவில்லை. செயலி வெற்றி என்று அறிக்கை வந்துவிட்டால் அவரை நிறுத்திவிடலாம் என்று பேச்சு. அறிக்கையின் கடைசி வரி அதைத்தான் சொன்னது: 'நேரடி வருகை இனித் தேவையில்லை.' அதன் கீழே நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டுவிட்டார். டீச்சர் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் திங்கட்கிழமை முதல் அமுதவல்லிக்கு விடுதிக் கதவு திறக்காது.

"அந்தம்மாவைக் கேட்டா எப்பவும் குறைதாங்க சொல்லும்" என்றார் நாச்சிமுத்து. "தாழ்ப்பாள் இன்னும் போடலையாம். ஒருத்தி குளிச்சா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாளாம். நம்பற மாதிரியா இருக்குது? அப்படி இருந்தா ஒரு புள்ளையாவது சிவப்பை அமுத்தியிருக்காதுங்களா? அந்தம்மாவுக்குத் தன்னை வேண்டாம்னு சொல்லிருவாங்களோன்னு பயம்."

"ம்."

இந்த 'ம்' தான் நாச்சிமுத்துவைப் பொறுமை இழக்க வைத்தது. மண்டி செயலியிலும் இதே 'ம்' வந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் மேடையில் நிதின் நின்றான். இந்த முறையும் வெற்றியை யாருக்கோ தூக்கிக் கொடுக்கத் திட்டம் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"ஒண்ணு கேட்கலாமுங்களா?" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எல்லாரும் பயன்படுத்தறாங்க. குறையே இல்லைங்கறாங்க. ஒரு வேலை வெற்றின்னு சொல்றதுக்கு இதுக்கு மேல என்னதாங்க வேணும்?"

டீச்சர் அறிக்கையை ஓரமாக வைத்தார். தன் போனை எடுத்தார். சொல்லம்மாவைத் திறந்தார். திரையைச் சீடர் பக்கமாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"இதுல நான் ஒரு மில்லுன்னு வெச்சுக்கங்க. நீங்க என்கிட்ட வேலை பார்க்கறீங்க. எம்மேல குறை ஏதும் உண்டாண்ணா?"

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். சிவப்பு, பச்சை. இரண்டுமே அவரே நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொத்தான்கள்.

"எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்?"

"சும்மா அமுத்துங்க. பேர் யாருக்கும் போகாது."

அறையில் இருந்தது இரண்டே பேர். போன் டீச்சருடையது. அடுத்த வாரம் ஆண்டு மதிப்பீடு, அதை எழுதப் போகிறவரும் டீச்சர்தான். இது ஏதோ பொறி என்று நாச்சிமுத்துவுக்கு உறுதியாகத் தெரிந்தது. சிவப்பை அழுத்தினால் மாட்டிக்கொள்வோம். யோசித்தாலும் மாட்டிக்கொள்வோம். அவர் விரல் தயங்காமல் பச்சைக்குப் போனது.

'நன்றி! குறை இல்லை என்று பதிவாகிவிட்டது' என்றது திரை. பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று. அந்த முகத்தைப் போடச் சொன்னதும் நாச்சிமுத்துதான்.

"எம்மேல உங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார் டீச்சர்.

"சேச்சே. என்னங்க குறை? ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப சரி. இந்த ஆப்பை நம்பலாம்." டீச்சர் பேனாவைத் திறந்து, அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுடறேன்."

நாச்சிமுத்து ஆசைப்பட்டது இதற்குத்தான். பல மாதமாக இதற்காகத்தான் அலைந்தார். பேனா முனை காகிதத்தைத் தொடப் போனது. நாச்சிமுத்துவின் கண் அறிக்கையில் இருந்தது, மனசு டிவி ஹாலுக்குப் போய்விட்டது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். பக்கத்தில் நிற்கிற வார்டனம்மா. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்?

"பொறுங்க டீச்சர்."

பேனா நின்றது.

"என்னண்ணா?"

சொல்லாமல் இருந்துவிடலாம். கையெழுத்து விழும், மேடை கிடைக்கும், மதிப்பீடும் நன்றாக வரும். நாச்சிமுத்து ஒரு முறை கதவைப் பார்த்தார்.

"அது பச்சை இல்லீங்க."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"மண்டி ஆப்புக்கு நாயா அலைஞ்சது நான். மேடையில நிதினை ஏத்தினீங்க. நான் கடைசி வரிசையில ஐஸ்பெட்டி பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். எம் பொண்டாட்டியும் கூட வந்திருந்தா. 'நீங்க பேசலையா'ன்னு கேட்டா. ஒண்ணும் சொல்ல முடியலை. ஒரு வருசமா இது என்னை அரிச்சுக்கிட்டு இருக்குதுங்க."

சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே நினைத்தார்.

டீச்சர் பார்வையை மேஜைக்குத் தாழ்த்தினார்.

"வயசானவர் மேடையேறினா ஆப்பும் பழசுன்னு நினைச்சுக்குவாங்கன்னு நினைச்சேன்" என்றார். "நினைச்சது தப்பு. மன்னிச்சுக்கங்கண்ணா."

இப்படி ஒரு பதிலை நாச்சிமுத்து எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஏன் போனைக் குடுத்தப்பவே சிவப்புல எழுதலை?" என்று கேட்டார் டீச்சர்.

"நீங்கதான் எதிர்ல உட்கார்ந்திருக்கீங்களே."

அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து அவர் காதிலேயே விழுந்தது. கண்ணாடியை மாட்டப் போன கை அப்படியே நின்றது.

அப்போது அவருடைய போன் அடித்தது. ஆலையின் பணியாளர் மேலாளர் கிரிதரன். நாச்சிமுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"நாச்சிமுத்து சார், டீச்சர் கையெழுத்துப் போட்டாச்சா? திங்கக்கிழமை அந்த அமுதவல்லிக்கு லெட்டர் கொடுத்துடலாம்னு பார்க்கறோம்."

"சார், அந்தக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சுங்களா?"

"எந்தக் கதவு?"

"விடுதியில சார். முதல் மாசம் வந்துச்சே ஒரு புகார்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கிரிதரன் உற்சாகமாகச் சொன்னார்.

"போட்டிருப்பாங்க சார். அதுக்கப்புறம் புகாரே வரலையே."

நாச்சிமுத்துவின் முகம் வெளிறியது. டீச்சரைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"அறிக்கை இப்ப வராதுங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கடைசி வரியையும் அடித்தார். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"இப்ப நான் என்னங்க பண்றது?"

"நாளைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறுங்க."

"விடுதிக்குப் போங்க. ஹால்ல எல்லார் கையிலயும் போன் வந்ததும், வார்டனம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுங்க."

"என்ன பேசறதுங்க?"

"நீங்க மெஷின் வித்த கதையெல்லாம் சொல்லுங்க."

"எவ்வளவு நேரத்துக்குங்க?"

டீச்சர் தன் போனைக் கையில் எடுத்தார். திரையில் அந்தச் சிரிக்கிற முகம் இன்னும் இருந்தது. அதை அணைத்தார்.

"அவங்க எழுதி முடிக்கிற வரைக்கும்."